ஏழெட்டு அம்பத்தினாலு

மிட்டுவைப் போல ஒரு மக்கு உலகத்திலேயே கிடையாது. பாடப் பலகையின் தொடுதிரைக்குள் இருந்த அந்தச் சிறுமிக்கு வாய்ப்பாடு ஏறவே ஏறாது. எட்டு வயது ஆதிரை, விளையாடக்கூடப் போகாமல் ஒரு மாதம் அவளோடு மல்லுக்கட்டினாள். ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் மிட்டு அம்பத்தினாலு என்பாள், உடனே அழுவாள். அவளுக்காகவே ஆதிரை ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"அஞ்சு, ஆறு, ஏழு, எட்டுன்னு வரிசையா நினைச்சுக்கோ. அம்பத்தாறு, ஏழெட்டு!"

"சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்டி" என்றாள் மிட்டு.

ஆதிரை வாய்ப்பாடு முடித்ததும் பலகை தங்கை மகிழினியின் கைக்குப் போனது. ஒரு நாள் சாயங்காலம் மிட்டுவின் அழுகை கேட்டது.

"ஏழெட்டு அம்பத்தினாலா? எனக்கு யாருமே சொல்லித் தரலை, மகிழ். நீ சொல்லித் தர்றியா?"

ஆதிரை பாய்ந்து போய்ப் பலகையைப் பிடுங்கினாள். "நான் சொல்லித் தந்தேனே, மிட்டு!"

"நீங்க யாரு?" என்றாள் மிட்டு.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவளுக்கு எல்லாமே தெரியும்டி. தெரியாத மாதிரி நடிச்சாத்தானே நீ படிப்பே?"

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமலா வாங்கினோம்? எங்கே, ஏழெட்டு எத்தனை, சொல்லு பார்ப்போம்."

ஆதிரை அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்பத்தினாலு" என்றாள்.