ஆறு பாய் அறை

“எந்த ஊருக்குங்க வீடு மாத்தறீங்க?”

“ஒசாகா,” என்றான் ஹிரோமிச்சி.

“டோக்கியோ,” என்றாள் சாயோரி.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த குவாபாரா அப்படியே நின்றுவிட்டார். வீடு மாற்றித் தரும் கம்பெனியிலிருந்து, சாமான்களைப் பார்த்து மதிப்பீடு போட வந்தவர் அவர். பத்தொன்பது வருட அனுபவம். ஆனால், இப்படிச் சிரித்த முகத்தோடு ஆளுக்கொரு ஊரைச் சொல்லும் ஜோடியை இப்போதுதான் பார்க்கிறார்.

“அது வந்துங்க, என்ன விஷயம்னா...” என்று ஆரம்பித்தான் ஹிரோமிச்சி.

“சொல்லவே வேணாம் சார். வேலை மாத்தல் வர்ற மார்ச் மாசம் நான் ஏறி இறங்கற வீட்டுல பாதி, எந்த ஊருங்கற இந்த இழுபறிதான். ஆனா ஒண்ணு, இருபத்தெட்டாம் தேதிக்கு எங்ககிட்ட ஒரே ஒரு லாரிதான் மிச்சம்.”

“ஒண்ணுதானா?” இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

“ஒண்ணேதான். நம்ம நகோயாவுலருந்து கிழக்கே போனா டோக்கியோ, மேற்கே போனா ஒசாகா. அஞ்சு மணிக்குள்ள ஊரைச் சொல்லலேன்னா வேற யாராவது தட்டிக்கிட்டுப் போயிடுவாங்க.”

“ஐயையோ, முப்பத்தொண்ணாம் தேதி வீட்டுச் சாவியைக் குடுத்தாகணுமே!” என்றாள் சாயோரி. “ஆனா நீங்க நினைக்கிற மாதிரி...”

“கவலைய விடுங்க மேடம். மனுஷங்க சொல்றதைத் தள்ளி வைப்போம். சாமான் என்ன சொல்லுதுன்னு கேப்போம்.”

குவாபாரா நேராக உள்ளே போனார். அறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஓர் அலமாரி நின்றது.

“அடேயப்பா! கல்யாணச் சீரா?”

“ஆமா, எங்க அப்பா குடுத்தது. இது எங்கூடதான் வரும்,” என்றாள் சாயோரி.

“வரும். ஆனா நுழையுமா? டோக்கியோவுல வீடு பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன். இன்னும் கையெழுத்துப் போடல. தரையில ஆறு பாய் விரிக்கற அளவு அறை. இதே மாதிரிதான்.”

“அங்கதான் ஏமாந்துட்டீங்க!” குவாபாராவின் கண்கள் பளபளத்தன. அளவு நாடாவை உருவி, தரையில் மண்டியிட்டார். “பாய்னா எல்லா ஊர்லயும் ஒரே பாயா? டோக்கியோ பாய் நூத்தி எழுபத்தாறு சென்டிமீட்டர். ஒசாகாவுல பழைய வீட்டுப் பாய் நூத்தித் தொண்ணூத்தொண்ணு. அகலத்துலயும் அப்படித்தான் வித்தியாசம். ரெண்டு ஊர்லயும் ஆறுன்னுதான் எண்ணுவாங்க. ஆனா ஒசாகாவோட ஆறு பாய் அறையில, டோக்கியோ பாய் ஆறையும் விரிச்சு, மேல இன்னொண்ணு போடற அளவுக்கு இடம் மிஞ்சும்!”

“நிஜமாவா?”

“நீங்களே பாருங்க.” தரையில் ஒட்டுநாடாவால் டோக்கியோ அறையின் எல்லையைக் கோடு கோடாக ஒட்டினார். சாயோரி அதற்குள் நீட்டிப் படுத்துப் பார்த்தாள். அவள் கால் போய் அலமாரியில் இடித்தது.

“இப்ப அலமாரிக் கதவைத் திறக்கணும்னா?” என்று கேட்டாள், படுத்தபடியே.

“நீங்க ஜன்னலுக்கு வெளிய போய் நின்னுக்கணும். எத்தனாவது மாடி?”

“எட்டு.”

ஹிரோமிச்சி இருமினான். “டோக்கியோவுல சின்ன அலமாரி நிறையக் கிடைக்கும், சாயோரி.”

“எங்கப்பா குடுத்ததைத் தூக்கிப் போடச் சொல்றியா?”

அதற்குள் குவாபாரா சமையலறையில் மைக்ரோவேவைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். “இது யாரோடது?”

“என்னோடதுதான்,” என்றாள் சாயோரி.

“நல்ல பழசு. அறுபது ஹெர்ட்ஸ்னு மட்டும்தான் போட்டிருக்கு. ஒசாகாவுல கரன்ட் வினாடிக்கு அறுபது தடவ அடிக்கும். டோக்கியோவுல அம்பது. ஏன் தெரியுமா? அந்தக் காலத்துல மின்சார யந்திரம் வாங்கறப்ப ஒசாகாக்காரன் அமெரிக்காவுல வாங்கினான், டோக்கியோக்காரன் ஜெர்மனியில வாங்கினான். அவனவன் கடைக்குப் போனதுக்கு இன்னிக்கு டோக்கியோவுல உங்க சோறு சூடாகாமப் பச்சத் தண்ணியா இருக்கும்!”

“புதுசு நான் வாங்கித் தரேன்!” என்று கத்தினான் ஹிரோமிச்சி.

“பாத்தீங்களா மேடம்? சார் எவ்வளவு பாசமா இருக்காரு! ஒசாகாவுல சாருக்கு வேலை இருக்கா?”

“ஏப்ரல் ஒண்ணாம் தேதி சேரணும்,” என்றான் அவன் ஈனக் குரலில்.

“உங்களுக்கு மேடம்?”

“எங்க கம்பெனிக்கு ரெண்டு ஊர்லயும் கிளை இருக்கு. இன்னிக்குக்கூட மாத்திக்கலாம்.” சாயோரி எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு போனை எடுத்துத் தன் மேலாளரைக் கூப்பிட்டாள். “சுகியுரா சார், டோக்கியோ வேணாம் சார். ஒசாகா கிளையே குடுத்துடுங்க. ஆமா, உறுதியாத்தான்.”

“சாயோரி, டோக்கியோவுல நூடுல்ஸ் சாறு என்னமா கறுப்பா, கெட்டியா இருக்கும் தெரியுமா! உனக்குப் பிடிக்குமே!”

“எனக்கு எப்பவும் ஒசாகாவோட தெளிவான சாறுதான் பிடிக்கும். பதினாலு வருஷமா அதுகூடத் தெரியல உனக்கு.”

ஹிரோமிச்சி பக்கத்திலிருந்த காலி அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தான். அது அவனோடு சேர்ந்து கீழே போனது.

குவாபாரா கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பது. பூரிப்போடு படிவத்தில் ‘ஒசாகா’ என்று எழுதி, அவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

“என்ன சார், நீங்க கேட்ட ஊருக்கே மேடமும் சம்மதிச்சுட்டாங்க. பிரச்சனை தீந்துதுல்ல?”

“தீந்துதா?” ஹிரோமிச்சி தலையில் அடித்துக்கொண்டான். “போன வாரம் எங்களுக்கு விவாகரத்து ஆச்சுய்யா! நான் ஒசாகா, அவ டோக்கியோங்கறதுதான் இத்தனை வருஷத்துல நாங்க சண்டை போடாம எடுத்த ஒரே முடிவு!”