இல்லாத கால்

“இல்லாத கால் எப்படிம்மா உடையும்?”

தொலைபேசியில் காப்பீட்டு அலுவலகத்துக்காரரின் குரலில் சிரிப்பு இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பன்னிரண்டே முக்கால்.

“சார், நான் இப்பதான் வார்டுல பாத்துட்டு வரேன். இடது கால் முழுசா இருக்கு. முட்டிக்குக் கீழ ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு.”

“எங்க பதிவுல அந்தக் கால் நாலு வருஷமா இல்ல. முட்டிக்குக் கீழ எடுத்தாச்சுன்னு உங்க ஆஸ்பத்திரிதான் எழுதி அனுப்பியிருக்கு. நீங்களே வெட்டிட்டு நீங்களே ஒட்ட வைக்கிறீங்களா?” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அந்த மருத்துவமனையில் கோடிங் பார்ப்பவள் அவள். டாக்டர்கள் கத்தியால் செய்வதை எண்ணாக மாற்றுவது வேலை. எலும்பைச் சேர்த்தால் ஓர் எண், காலை எடுத்தால் ஓர் எண், கடைசியில் இடதா வலதா என்று ஓர் எழுத்து. அதைப் பார்த்துத்தான் காப்பீட்டிலிருந்து அனுமதி வரும். அனுமதி வந்தால்தான் நிர்வாகம் ஆபரேஷன் தியேட்டரைத் திறக்கும்.

எலும்பு டாக்டர் வாசலில் வந்து நின்றார். “இன்னும் வரலியா? பாதத்துக்கு ரத்தம் சரியாப் போகல. ரெண்டு மணிக்குள்ள உள்ள கொண்டு போகலைன்னா வெட்டத்தான் வேணும். அப்புறம் உங்க கம்ப்யூட்டர் சொல்றது உண்மையாயிடும்.”

அவள் மறுபடியும் வார்டுக்கு ஓடினாள். கட்டிலில் கிடந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். காப்பீட்டு கார்டுப் படத்தில் இருந்த அதே கூர்மூக்கு, அதே அகன்ற நெற்றி, தாடிதான் புதிது.

“இதுக்கு முன்னாடி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கீங்களா?”

அவர் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு விட்டத்தைப் பார்த்தார். “வந்திருக்கேன்ம்மா. நாலு வருஷம் முன்னாடி. பத்து நாள் இங்கதான் கெடந்தேன். வெளிய அந்தப் பச்சை பெஞ்சு, அது இன்னும் அங்கேயேதான் இருக்கு.”

“அப்ப கால்ல ஏதாவது ஆபரேஷன் நடந்துச்சா?”

“என் கால்லயா? இல்லம்மா. வேணும்னா தொட்டுப் பாருங்க.”

தொட்டாள். பாதம் குழாய்த் தண்ணீர் போலச் சில்லிட்டிருந்தது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். மனைவி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“இவரு ஓடியாடி வேல பாத்தாத்தான் ரெண்டு வீட்டுல அடுப்பெரியும் அக்கா. எப்படியாவது பண்ணுங்க.”

பழைய கோப்பைத் தேடிப் பயனில்லை. கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்த வருடம் எல்லாம் கூழாகிவிட்டன. மிஞ்சியது கணினியில் ஒற்றை வரி: இடது கால், முட்டிக்குக் கீழ் அகற்றப்பட்டது. வரியின் ஓரத்தில், அதைப் பதிந்தவரின் எண். பதினேழு.

அவளுடைய எண்தான் பதினேழு.

நாலு வருடம் முன்பு அவள் வேலைக்குப் புதுசு. ஒரு நாளைக்கு நூற்றிருபது கோப்புகள். கண்ணை மூடினாலும் இமைக்குள் எண்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த வேகத்தில் பக்கத்துக் கோப்பில் போன காலை இவருடைய கோப்பில் ஏற்றிவிட்டாளோ? அன்று ஒரு பொத்தானை அழுத்தியே ஒரு மனிதனின் காலைப் பிடுங்கிவிட்டாளோ?

“என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” என்றார் பக்கத்து நாற்காலி பில்லிங் அண்ணன்.

“நான்தாண்ணே தப்பாப் போட்டிருக்கேன்.”

“ஒளறாத. சாயங்காலம் பொறுமையாப் பாக்கலாம்.”

“சாயங்காலம் அவருக்குக் கால் இருக்காது. பதிவை நீக்கணும்னா போட்டவங்களே எழுதிக் கொடுக்கணும், அதானே விதி?”

“இன்னொரு விதியும் இருக்கு, தெரியும்ல? நடக்காத ஆபரேஷன எழுதினவங்களுக்கு அன்னிக்கே சீட்டக் கிழிச்சிருவாங்க. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியும் உன்ன வாசல்ல நிக்க விடாது. வீட்டுல உன்ன நம்பி எத்தன பேரு?”

“மூணு பேரு.”

“அப்புறம்?”

“மூணு பேருக்கும் ரெண்டு ரெண்டு கால் இருக்குண்ணே.”

அவள் எழுதினாள்: ‘அப்படி ஓர் அறுவை சிகிச்சை நடக்கவே இல்லை. பிழை முழுவதும் என்னுடையது.’ கீழே கையெழுத்துப் போட்டாள். காலின் படத்தை இணைத்து அனுப்பிவிட்டுத் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று ஐம்பதுக்கு அனுமதி வந்தது. ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஸ்ட்ரெச்சர் தியேட்டருக்குள் போனது. இரண்டேகாலுக்கு நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து, அடையாள அட்டையை வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று சொன்னார்.

சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தாள். மருத்துவமனையின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றத் தோன்றாமல், பச்சை பெஞ்சில் அந்த மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு கால் மெல்லச் சூடேறிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

வராந்தாவின் கோடியிலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் நெருங்கியது. மனைவி பதறி எழுந்து, வர வேண்டாம் என்று கையை ஆட்டினாள். வந்தவர் அதைக் கவனிக்கவில்லை. கார்டுப் படத்தில் இருந்த அதே கூர்மூக்கு, அதே அகன்ற நெற்றி, தாடி இல்லை. அக்குளில் ஊன்றுகோல். இடது கால்சட்டை முட்டிக்குக் கீழே மடித்து ஊக்கு குத்தப்பட்டிருந்தது.

நீலக் கோட்டைப் பார்த்ததும் அவர் அவள் முன்னால் வந்து நின்றார்.

“ஏம்மா, என் தம்பி காலாவது தப்பிச்சிருமா?”