ஜெரோம் அனுப்பிய விடைகள்

இதய மருத்துவம் படிக்கும் டாக்டர்களுக்குத் தாம்பரத்தில் பயிற்சித் தேர்வு. ஹால் டிக்கெட்டோடு விடைகளையும் எல்லாருக்கும் மெயில் அனுப்பித் தொலைத்தார், தேர்வுப் பொறுப்பாளர் ஜெரோம். தேர்வு முடிந்த பிறகுதான் அதைக் கவனித்தார்.

"எல்லாரும் நூத்துக்கு நூறு வாங்கிடுவாங்க. என் சீட்டு கிழிஞ்சுது!"

ரிசல்ட் வந்தது. ஒருவர்கூடத் தேறவில்லை!

வேலை தப்பியது, மண்டைதான் குடைந்தது. தேர்வு எழுதியவர்களைக் கேட்டால், எல்லாரும் "கேள்வி கஷ்டம் சார்" என்று நழுவினார்கள். கடைசியில் டாக்டர் ஜீவிதாவை கேன்டீனில் மடக்கினார்.

"விடை வந்துச்சாம்மா?"

"வந்துச்சு சார்."

"அப்புறம் ஏன் ஃபெயிலு?"

"போன மாசம் படப்பையில கிளாஸ்னு மெயில் போட்டீங்க. போய் நின்னா கல்யாண மண்டபம்! அதான் சார், நீங்க அனுப்பின விடையை மட்டும் விட்டுட்டு, மிச்சத்துல ஒண்ணை டிக் பண்ணோம்."