குத்தாத மோதிரம்

"ஏய், கண்ணாடியில சாயாதே! கையை எடு!"

சொல்லி முடிப்பதற்குள் கடையே அலறியது. எச்சரிக்கை மணிச் சத்தம். வாசலில் நின்ற காவலாளி தொப்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். வைர மோதிரங்கள் இருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றி நின்ற பத்து வயதுச் சிறுமி மட்டும் அசையவே இல்லை.

கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற பெண் ஒரு பொத்தானை அழுத்தினாள். சத்தம் அடங்கியது.

"முதுகை நிமிர்த்தி நேரா நில்லு" என்று சிறுமியை முறைத்தாள்.

சிறுமியோடு வந்திருந்த பல் டாக்டருக்குச் சுருக்கென்றது. அவளும் பெண்தான்; சும்மா விடவில்லை. "எதுக்குங்க குழந்தையை அதட்டறீங்க? சாஞ்சா கத்தும்னு எங்கேயாவது எழுதி ஒட்டியிருக்கீங்களா? தப்பு உங்க பேர்ல."

"சாரி மேடம்" என்றாள் கவுன்ட்டர் பெண்.

சிறுமி தலையைத் திருப்பி டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அந்த ஒரு பார்வையே டாக்டருக்குப் பெரிய விஷயம். கட்டிக்கொள்ளப் போகிறவரின் மகள் அவள். வீட்டில் ஜட்ஜம்மா என்று பட்டப்பெயர். அவருக்கு இது இரண்டாவது கல்யாணம்; முதல் கதையை அவரும் விரித்துச் சொன்னதில்லை, இவளும் தோண்டித் துருவிக் கேட்டதில்லை. ஒன்றை மட்டும் அவர் உறுதியாகச் சொல்லியிருந்தார். 'என் பொண்ணு சரின்னு சொன்னாத்தான் நமக்குக் கல்யாணம்.'

ஜட்ஜம்மாவோ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திடீரென்று நேற்றுதான் வாயைத் திறந்தாள். "மோதிரம் வாங்க நானும் வரேன். அப்பா வேண்டாம். கடையை நான்தான் சொல்வேன்."

வழியில் எத்தனையோ பெரிய கடைகள். எல்லாவற்றையும் தாண்டி, இந்தக் கடைக்கு இழுத்து வந்து, சும்மா நின்ற விற்பனையாளர்களை எல்லாம் விட்டுவிட்டு இந்தச் சிடுமூஞ்சியிடம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். போகட்டும், குழந்தை.

"எந்த மாதிரி பார்க்கறீங்க மேடம்?"

"அதோ, அந்த நீளமான கல்லு. படகு மாதிரி இருக்கே."

"மார்க்கீஸ் கட். நடுவுல அகலம், ரெண்டு பக்கமும் கூர்." விரலில் போட்டுவிட்டாள். "விரலை நீளமாக் காட்டும். உங்களுக்கு எடுப்பா இருக்கு."

இருந்தது. டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆசை முகத்தில் வழிந்தது.

"ஆனா ஒண்ணு" என்றாள் கவுன்ட்டர் பெண். "இந்த முனை ரெண்டும் கொஞ்சம் வம்பு. எங்கேயாவது இடிச்சா உடையலாம். துணியில மாட்டும். கைக்கு என்ன வேலை உங்களுக்கு?"

"பல் டாக்டர். நாள் முழுக்க கையுறை."

"கிழிச்சுடுமே. சமையல்?"

"சுமாராப் பண்ணுவேன்."

"சுமாருக்கும் கீழே" என்றாள் சிறுமி. "இவங்க வீட்ல சாக்லேட்டும் கிடையாது. பல்லு சொத்தையாயிடுமாம்."

கவுன்ட்டர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டது போலிருந்தது. "குழந்தைக்குத் தலை பின்னி விடுவீங்களா? முடியில சிக்கும்."

"நானே பின்னிக்குவேன்."

"அதான் பார்த்தாலே தெரியுதே."

டாக்டர் சிறுமியின் தோளில் கை வைத்தாள். "அவ பின்னினா அழகாத்தான் இருக்கு. என்னைக்காவது என்னைப் பின்னி விடச் சொன்னா, மோதிரத்தைக் கழட்டி வெச்சுட்டுப் பின்னுவேன்."

"ராத்திரியில காய்ச்சல் அடிக்கும். தூக்கக் கலக்கத்துல தொட்டுப் பார்ப்பீங்க. கன்னத்துல கீறிடும்."

"அப்போ ராத்திரியும் கழட்டிடறேன்."

"அவர் போட்ட மோதிரத்தையா? அவர் ஏதாவது நினைச்சுக்க மாட்டாரா?"

இது என்ன வியாபாரம், வக்கீல் குறுக்கு விசாரணை மாதிரி? டாக்டருக்கு எரிச்சலாக வந்தது.

"நினைச்சா நினைச்சுக்கட்டும். அதுக்காகக் குழந்தை கன்னத்துல கீறு விழணுமா?" என்றவள் மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தாள். "எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு, மறைக்கலை. ஆனா இவ்வளவு தொல்லைன்னா வேண்டாங்க. உருண்டைக் கல்லு எதாவது எடுங்க. அவளைக் குத்தாம இருந்தாச் சரி."

கவுன்ட்டர் பெண் மெல்லிய துணியால் அந்த மோதிரத்தைத் துடைத்தாள். துடைத்த மோதிரத்தையே மறுபடியும் துடைத்தாள். வியாபாரம் கை நழுவுகிறதே என்று கோபமாக்கும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டாள்.

"உருண்டை எல்லாம் வேண்டாம்" என்றாள் அந்தப் பெண் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "பிடிச்சதை எதுக்கு விடணும்? ரெண்டு முனையிலயும் தங்கத்துல சின்னதா மூடி வெச்சுத் தரச் சொல்றேன். கல்லும் உடையாது, யாரையும் குத்தாது. நானே பக்கத்துல நின்னு செய்யச் சொல்றேன்."

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. ஆனாலும் தயங்கித் தயங்கிச் சிறுமியின் பக்கம் குனிந்தாள்.

"நீ என்ன சொல்றே? உனக்குப் பிடிச்சிருந்தாத்தான் இது. இல்லைன்னா இப்பவே கிளம்பிடலாம்."

ஜட்ஜம்மா கவுன்ட்டர் பெண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

அந்தப் பெண் மோதிரத்தைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"போதும்டி உன் பரீட்சை. வீட்டுக்குப் போனதும் உங்க அப்பாகிட்ட, அம்மாவுக்கு இவங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னு சொல்லிடு."