நீல ஆரஞ்சு

கண்ணைத் திறந்தபோது அம்மா என் வாயில் சோப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தள்ளிவிடப் பார்த்தேன். தலைமுடியைப் பிடித்துக் குனியவைத்தாள். குடல் புரண்டு வந்தது. தரையெல்லாம் நீலம்.

“கக்குய்யா, கக்கு! அந்தப் பிள்ளைய வேண்டாம்னு சொன்னதுக்கா மருந்தக் குடிச்ச? எம்புட்டுலே குடிச்ச, கௌதமு?”

தூக்கிவாரிப் போட்டது எனக்கு.

கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடி டம்ளர். அதில் பாதி நீலம் மிச்சம். தோப்பில் தென்னைக்கு வைக்கிற பூச்சிமருந்தும் இதே நிறம்தான். முந்தாநாள்தான் அம்மா, நான் விரும்பும் யோகேஸ்வரியைக் கட்டிவைக்க முடியாதென்று ஒரே போடாகப் போட்டிருந்தாள். அந்தக் கோபத்தில் நான் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஆனால் நான் குடித்தது ஆரஞ்சுத் தோலில் செய்த மது. பார்க்க நீலம், மோந்தாலும் வாயில் வைத்தாலும் ஆரஞ்சு. சென்னையில் ஒரு ஹோட்டல் பாரில் மது கலந்து கொடுப்பதுதான் என் வேலை. அடுத்த வாரம் ஒரு போட்டி. அதற்காக லீவில் ஊருக்கு வந்த இடத்திலும் எலுமிச்சைச் சாற்றையும் சோடாவையும் கூட்டிக் குறைத்து ருசி பார்த்தவன், வெறும் வயிற்றில் அப்படியே அசந்துவிட்டேன்.

இதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்ல? குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் அவள் மடியில் கண்ணை மூடியவர் அப்பா. அன்றிலிருந்து சரக்கு வாடையோடு யார் வந்தாலும் வாசலோடு விரட்டிவிடுவாள். மகன் ஹோட்டலில் மேனேஜர் என்று எங்கள் ஊர் சோழபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். சொன்ன பொய் என்னுடையதுதான்.

டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளப் பார்த்தேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. டம்ளரை எடுத்து மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தாள்.

போச்சு, ருசியிலேயே கண்டுபிடித்துவிடப் போகிறாள் என்று பதறினேன்.

அவள் திகைத்துப்போய் உதட்டை நக்கினாள்.

“என்னலே இது, இனிக்குது!”

உளறிக் கொட்டிவிட்டேன். சரக்கு, பார், போட்டி, மேனேஜர் பொய், எல்லாவற்றையும். செருப்பாலேயே அடிப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சரக்குதானா, வெறும் சரக்குதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

சாயங்காலம் அடுப்படியில் அவள் எனக்குத் தோசை சுட்டாள். நான் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது.

அம்மா அந்த மிச்சத்தைக் குடித்தபோது, அது சரக்கு என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.