லாரிக்கு யார் பேர் வைத்தது?

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் மீசை இங்கேயே கொட்டிப் போகட்டும். மீசையை எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

போன வருஷம், எழுபத்தெட்டு ஆடி மாசம். நெய்வேலியில் நான் வாட்ச்மேனாக இருக்கிற ஆபீசில், சுரங்கத்திலிருந்து நிலக்கரி கொண்டுவருகிற பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை வாரிப் போடும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கான்ட்ராக்டில் கிடந்தவர்களுக்கு பர்மனென்ட் ஆக ஒரு வாய்ப்பு.

வேப்பமரத்தடியில் அறுபது பேர். உள்ளே போய் வந்தவனெல்லாம் முகம் செத்து வந்தான்.

"இன்னாப்பா கேக்குறாரு?"

"லாரி லாரிங்கிறோமே, அந்த இங்கிலீஷ் வார்த்தை எங்கேருந்து வந்துச்சுனு கேக்குறாருப்பா!"

கேட்டவர் ஆபீசர் சோமசுந்தரம். தெற்கத்திக்காரர். இங்கிலீஷ் பைத்தியம். கத்தரிக்காய் வாங்கினால்கூட அதற்கு இங்கிலீஷில் ஏன் அந்தப் பேர் என்று கூடைக்காரியை நிறுத்திவைத்துச் சொல்வார்.

"கரி வாருறதுக்கு இங்கிலீஷா? சோத்துல மண்ணைப் போடுறானே பாவி!"

மரத்தடியே அவரைத் திட்டித் தீர்த்தது. நானும் என் பங்குக்கு ரெண்டு சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் தெரு கலியமூர்த்திக்கு முன்னால் நாலு பேர்தான் பாக்கி. எட்டு வருஷம் கான்ட்ராக்டில் தேய்ந்தவன். அடுத்த மாசம் முப்பத்தைந்து முடிகிறது. அப்புறம் வயசு தாண்டிவிட்டது என்று தள்ளிவிடுவார்கள்.

"அண்ணே, இதுக்கு இன்னாண்ணே சொல்றது? எனக்கு லாரியில ஏறத்தான் தெரியும்."

நான் விடுவேனா?

"இதுக்கா பயந்துகினு குந்தியிருக்க? சீமையில லாரன்ஸ்னு ஒருத்தன். அவன் பொண்டாட்டி எட்டு மூட்டை வெயிட்டு. மாட்டு வண்டியில ஏத்தினா மாடு படுத்துக்கும். கடைசியில ஆறு சக்கரம் வெச்சு ஒரு வண்டி செஞ்சான். அந்தம்மா புருசனைச் செல்லமாக் கூப்புடுற பேரு லாரி. அதான்டா!"

"நெசமாவாண்ணே?"

"அந்தம்மா போட்டோவையே பார்த்திருக்கேன். பாதிதான் உள்ள இருந்துச்சு."

உள்ளே போனான். ரெண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தான்.

"சொன்னியா?"

"இல்லண்ணே. அவரு முகத்தைப் பார்த்ததும் பொய் சொல்ல நாக்கு வரல. தெரியாதுங்க ஐயான்னுட்டேன்."

"கெடுத்தியேடா! வாயில வெச்சு ஊட்டினதையும் துப்பிட்டு வந்து நிக்கிறியே!"

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். ஏறி மிதிக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

இருபது நாள் கழித்து லிஸ்ட் ஒட்டினார்கள். முதல் பேரே கலியமூர்த்தி!

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. டீ கொண்டுபோகிற சாக்கில் ஆபீசர் ரூமுக்குள் நுழைந்தேன்.

"சார், தெரியாதுன்னவனை எப்படிங்க எடுத்தீங்க?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்டர்வியூல கூட உட்கார்ந்த ரெண்டு ஆபீசர்களும் இங்கிலீஷ்ல கேள்வி கேட்டு வடிகட்டணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. சரி, கேள்வியை நான் கேக்கேன்னு சொல்லிட்டேன். நாலு நாள் தேடி இந்த வார்த்தையைப் பிடிச்சேன்யா."

"அதுல அப்படி என்னாங்க இருக்குது?"

தலையணை தடிமனுக்கு ஒரு டிக்ஷனரியைப் பிரித்து விரலை வைத்தார்.

"எங்கேருந்து வந்துச்சுன்னு நிச்சயமாத் தெரியலைன்னு இவனே போட்டிருக்கான். அதனால என்ன கதை விட்டாலும் தப்புன்னு யாரும் சொல்ல முடியாது, மார்க் உண்டு. தெரியாதுன்னு சொன்னவனுக்கு முழு மார்க். அதுதானய்யா சரியான பதில்!"

இந்த வருஷமும் ஆள் எடுக்கிறார்கள். அதே கேள்விதான். வாட்ச்மேன் சொன்னான் என்று மட்டும் அந்த ரெண்டு பேர் காதில் போட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.