நாற்பது நாள் குடித்தனம்

“காத்தாட இருக்கட்டும்னுதான் வெளியே வச்சேன்னு சொல்றேன்ல—”

“காத்தாட வைக்க அது என்ன வெங்காயமா?”

அஞ்சுகம் விடுவதாக இல்லை. ராணுவத்துக்கும் மீட்புப் படைக்கும் போகிற பேட்டரிகளுக்குச் சான்று எழுதுகிறவர், எழுதின கையோடு அவற்றில் ஒன்றைத் தம் வீட்டுக்குள் நாற்பது நாள் வைத்துக் குடும்பத்தோடு குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். பதினோரு வருஷமாக அவள் கணவர் தணிகாசலம் கட்டிலுக்கடியில்தான் வைத்தார். செங்கல் அளவுப் பெட்டி, லாரியைத் தூக்குகிற பலம். இவளும் கவலையில்லாமல் அதன் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறாள். இந்தத் தடவைதான் அது கொல்லைச் சுவரோரம் போயிருந்தது. அதுவும் மணல் வாளிக்குள்.

“மணல் எதுக்கு? அதுக்குக் குளிருதாமா?”

“ஒரு ஜாக்கிரதைக்குத்தான்டி. சூடு கொஞ்சம் கூடுதலாத் தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?”

“நான் போடலைன்னா இன்னொருத்தன் போடுவான். கத்தாதே, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“நல்லாக் கேக்கட்டும். மிச்சமெல்லாம் எங்கே?”

“போன வாரமே அனுப்பியாச்சு.”

“எங்கேன்னு கேட்டேன்.”

தணிகாசலம் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். “கடலூருக்கு. வெள்ள மீட்புக்கு.”

கடலூர் வெள்ளத்தில், இந்தப் பேட்டரியில் ஓடுகிற மீட்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு பத்து நாளாக நிற்பவள் அவர்களுடைய ஒரே மகள். அஞ்சுகத்தின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

“நீங்க சுவரோரம் கொண்டு போய் வச்சுட்டீங்க. முதுகுல கட்டிக்கிட்டு நிக்கிறாளே நம்ம இளவேனில், அவ எங்கேங்க கொண்டு போய் வைப்பா?”